ரெமிஜியஸின் பல்லும் டோரதியின் பந்தயமும்

என் அப்பா ரெமிஜியஸ் கடந்த நவம்பரில் இறந்தார். இதயம். அப்போது அவர் உடம்பில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவற்றில் முதலிடம் ஒரு பல்லுக்கு. கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைவாய். அது அவருடைய சொந்தப் பல் அல்ல. எலும்புக்குள் இறக்கிய டைட்டானியம் திருகு, அதன்மேல் பீங்கான் தொப்பி. அந்தப் பல்லால் போன தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை நடந்தது.

அப்பா பிரேசர் டவுனில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். அரசுத் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டினார். நேரம் தவற மாட்டார். ஃபோர்மன் ஒருவர் தினமும் தாமதமாக ஓடி வருவார். அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்துவார். நிறுத்துவார். ஃபோர்மன் படியில் கை வைக்கப் போகும்போது மறுபடி நகர்த்துவார். ஒருநாள் கோல்ஸ் பார்க் முனையிலிருந்து அடுத்த நிறுத்தம்வரை இப்படியே கூட்டிப் போயிருக்கிறார். புகார் மேலிடம் போனது. விசாரணையில் அப்பா சொன்ன பதில்: "அவருக்கு சுகர் சார். நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவர் விளையாடாத விஷயம் ஒன்றே ஒன்று. தவக்காலம். திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டர்வரை நாற்பது நாளும் சுத்தபோசனம். மீன், முட்டை உண்டு, கறி கிடையாது. கோயிலில் வெள்ளிக்கிழமை மட்டும் போதும் என்பார்கள். அப்பா எல்லா நாளும் இருப்பார். மற்ற மாதங்களில் வாரத்தில் பாதி நாள் மாட்டுக்கறி, ஞாயிறு தவறாமல் நல்லி எலும்பு. அப்படிப்பட்டவர் நாற்பது நாள் பீன்ஸ் பொரியலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பங்கு மக்கள் அவரைப் பக்திமான் என்று நினைத்தார்கள்.

பக்தி இல்லை. பந்தயம்.

கல்யாணமான முதல் தவக்காலத்தில் அம்மா டோரதி சொல்லியிருக்கிறார்: "நீங்களாவது, கறி இல்லாம இருக்கிறதாவது. மூணு நாள் தாங்க மாட்டீங்க." அப்பா நாற்பது நாள் என்றார். பேச்சு அன்றே முடிவானது. கறி வாய்க்குள் போகக் கூடாது. தோற்றவர் ஈஸ்டர் மதிய விருந்தில், அம்மாவின் தங்கைகள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, ஜெயித்தவரைப் புகழ்ந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அப்பா கரண்டியால் தட்டைத் தட்டுவார். கூடம் அடங்கும். அம்மா எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: "என் புருஷன் சொன்னா சொன்னதுதான்." அப்பா காதில் கை வைத்து, "பின்னாடி கேக்கலையாம்" என்பார். அம்மா மறுபடி சொல்ல வேண்டும்.

தந்திரத்துக்குத் தடை இல்லை என்பதும் பேச்சில் சேர்த்தி. எனவே தவக்காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை போர்க்களம். ஒரு வருடம் உருளைக்கிழங்கு கட்லெட்டுக்குள் கொத்துக்கறியை ஒளித்தார் அம்மா. அப்பா கட்லெட்டை முள்கரண்டியால் பிளந்து, முகர்ந்து, என் தட்டுக்கு மாற்றினார். "அனு, உங்கம்மா கை பக்குவமே தனி" என்றார். இன்னொரு வருடம் பக்கத்து வீட்டு ஞானஸ்நான விருந்துக்கு அம்மாவே பிரியாணி போட முன்வந்தார், எங்கள் வீட்டு வாசலில். அப்பா அன்று முழுதும் மூக்கில் விக்ஸ் தடவிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார். அம்மா ஒருமுறையும் ஜெயிக்கவில்லை.

பல்லுக்கு வருகிறேன். அதைப் பொருத்திச் சில வருடம் ஆகியிருந்தது. வலி இல்லை, ஆட்டம் இல்லை. அப்பா அதற்கு ராஜ மரியாதை கொடுத்தார். போன பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் கரும்பைத் துப்பியபோது சக்கையில் ரத்தம் இருந்தது. அந்தப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தது. வாயில் ஏதோ கெட்ட சுவை என்றார். மாஸ்க் ரோடு பக்கம், அந்தப் பல்லைப் பொருத்திய டாக்டர் சங்கமித்ராவிடம் அழைத்துப் போனேன். டாக்டரின் அப்பா, என் அப்பா ஓட்டிய பேருந்தில் போய்வந்த தொழிலாளி. ஆகவே என் அப்பா அவருக்கு அங்கிள்.

டாக்டர் ஈற்றை அழுத்தினார். சீழ் வந்தது.

"அங்கிள், இதை பிரஷ் பண்றீங்களா?"

"மத்ததெல்லாம் பண்றேன்மா. இதைத் தொடறதில்ல."

"ஏன்?"

"ஃபிட் பண்ணதைத் தினம் ஆட்டுனா லூஸ் ஆயிடும். வீல் நட்டு அப்படித்தானே? டைட் பண்ணி, மேல ஒரு பெயிண்ட் கோடு இழுத்து, அப்படியே விட்டுடணும். நீங்க கோடு போடல. ஆனாலும் நான் தொடல."

"செக்கப்புக்கும் வரலை."

"நீங்களும்தான் தட்டிப் பார்ப்பீங்க. எதுக்கு வம்பு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வாகன உதிரிபாகங்களுக்கு அதிர்வுச் சோதனை செய்பவள். எந்தத் திருகு எப்போது தளரும் என்று சொல்வதுதான் என் வேலை. நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. திருகு நேராக நின்றது. அதைச் சுற்றி எலும்பு விளிம்புவரை இருந்திருக்க வேண்டும். கிண்ணம் போலக் குழிந்து இறங்கியிருந்தது. திருகின் மேல் மரைகள் எலும்பில்லாமல் வெறுமையாகத் தெரிந்தன. அழுக்குப் படிந்து, கிருமி சேர்ந்து, முதலில் ஈறு வீங்கி, பிறகு எலும்பு கரைந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"ஆடவே இல்லையேம்மா?"

"அதான் அங்கிள் ஆபத்து. அடியில கொஞ்சம் எலும்பு இன்னும் பிடிச்சிட்டிருக்கு. அதுவும் போச்சுன்னா ஒருநாள் சோத்தோட கையில வரும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "போல்ட் நல்லா இருக்கு டாடி," என்றேன். "சுத்தி இருக்கிற காங்கிரீட் உதிருது." அது அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. நல்லி எலும்பைக் கடிப்பது அந்தப் பக்கத்தால்தான்.

முதலில் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். கொப்பளிக்க மருந்து, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல ஒரு பிரஷ் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்த நாள் திருநீற்றுப் புதனுக்கு மறுநாளாக அமைந்தது. அம்மாவும் கூட வந்தார். ஈறு கொஞ்சம் வற்றியிருந்தது. அழுத்தினால் சீழ் இன்னும் வந்தது.

"திறந்துதான் சுத்தம் பண்ணணும்," என்றார் டாக்டர். "ஈறை விலக்கி, கெட்ட சதையைச் சுரண்டி, திருகைத் தேய்ச்சு, குழியில எலும்புத் தூள் போட்டு மூடுவோம்."

"என்ன எலும்பு?"

"மாட்டு எலும்பு. சுத்திகரிச்சு வர்றது."

அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "டாக்டர், இன்னைக்கே போட முடியுமா?"

"ஈஸ்டர் முடியட்டும்மா," என்றார் அப்பா அவசரமாக.

"அதுக்குள்ள இன்னும் இறங்கிடும் அங்கிள். அப்புறம் பல்லை எடுக்கிறதைத் தவிர வழியில்ல. எலும்பே இல்லாத இடத்துல புதுசும் நிக்காது."

பந்தயம் டாக்டருக்கு விளக்கப்பட்டது. அம்மா விளக்கினார், கட்லெட் உட்பட. டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"வேற எலும்பு இல்லையா?"

"மனுஷங்க தானம் பண்ணது இருக்கு."

"யாருது?"

"அதெல்லாம் தெரியாது அங்கிள்."

"யாரா இருந்தா என்ன, கறி கறிதான்," என்றார் அம்மா.

"உங்க சொந்த எலும்பையே எடுக்கலாம். தாடையில இன்னொரு இடத்துல கிழிக்கணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் அவுட்."

"லேப்ல செய்யற தூள் ஒண்ணு இருக்கு. கால்சியம்தான்."

"சைவமா?"

"சுத்த சைவம். ஆனா சீக்கிரம் கரைஞ்சிடலாம். உங்க குழிக்கு நான் மாட்டு எலும்புதான் சொல்வேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்தினேன். "பந்தயத்துக்காகப் பல்லை விடுவீங்களா டாடி?"

"பல்லு என்னோடது. பந்தயம் ரெண்டு பேருது," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வழக்கு பங்குத்தந்தை மைக்கேல்ராஜிடம் போனது. கோயில் முற்றத்தில் வைத்து அப்பா கேட்டார்: "ஃபாதர், மாட்டு எலும்பை ஈறுக்குள்ள வச்சுத் தச்சா சுத்தபோசனம் உடையுமா?"

ஃபாதர் சின்ன வயதுக்காரர். கேள்வியைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். "இது சாப்பாடு இல்ல, வைத்தியம். திருச்சபை தடுக்காது."

அப்பா அம்மா பக்கம் வெற்றியோடு திரும்பினார்.

"திருச்சபை இருக்கட்டும் ஃபாதர்," என்றார் அம்மா. "எங்களுக்குள்ள பேச்சு, வாய்க்குள்ள போகக் கூடாதுன்னு."

"விழுங்கக் கூடாதுன்னு இல்லையா?"

"வாய்க்குள்ள."

ஃபாதர் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெமிஜியஸ், வார்த்தையை யோசிச்சுப் போட்டிருக்கலாம்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இருங்க. நீங்க நாப்பது நாள் சுத்தபோசனம் இருக்கிறதை நான் பிரசங்கத்துல ரெண்டு தடவை சொல்லியிருக்கேனே. அது பந்தயமா?"

இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் நடந்ததை நான் பார்த்ததில்லை.

கடைசியில் லேப் தூள் என்று முடிவானது. டாக்டர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஏமாற்றம். "கால்சியம் மாத்திரையைப் பொடி பண்ணி நானே போட்டிருப்பேன்" என்றார்.

சிகிச்சை நாளில் நானும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். நினைத்ததைவிட நேரமானது. அம்மா ஜெபமாலையை உருட்டினார். நடுவில் நிறுத்தி, "உள்ள மாத்திக் கீத்திப் போட்டுடுவாங்களா?" என்றார். எதற்காக ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் வந்து, நல்லபடி முடிந்தது, ஆனால் உறுதி சொல்ல ஆறு மாதம் ஆகும் என்றார்.

அப்பா கன்னம் வீங்கி வந்தார். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. மரப்பு ஊசி என்று நினைத்தேன். வீட்டில் அம்மா தொடங்கினார்: "ஆட்டுக்கால் சூப் வைக்கட்டுமா? மெல்லவே வேணாம். அப்படியே இறங்கிடும்." வழக்கமாக இதற்குப் பதில் தயாராக இருக்கும். அன்று அவர் ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

தையல் பிரித்த பிறகு அவர் பல் துலக்குவது ஒரு நிகழ்ச்சி ஆனது. குட்டி பிரஷ், கண்ணாடி, டார்ச். வாசலில் நின்று செய்வார். பால்காரர் முதல் கூரியர் பையன்வரை எல்லோருக்கும் பாடம். "இம்ப்ளான்ட் இருக்கா? இல்லையா? பரவால்ல, வரும். வந்தா தொடாம விட்டுடாதீங்க." அம்மா உள்ளிருந்து கத்துவார்: "கேட்டை மூடிட்டு வாயைத் திறங்க."

அந்த ஆண்டு தவக்காலத்தில் அம்மாவின் சமையலறைத் தந்திரம் எதிலும் அப்பா சிக்கவில்லை. அம்மா ஆட்டு ஈரலைக் கத்திரிக்காய்க்கு நடுவில் மறைத்ததைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கண்டுபிடித்ததைச் சொல்லிக் காட்டவில்லை. தட்டை நகர்த்திவிட்டு மோர் கேட்டார்.

ஈஸ்டர் வந்தது. சித்திமார் குடும்பத்தோடு வந்தார்கள். மட்டன் பிரியாணி, நல்லி எலும்புக் குழம்பு, பன்றி வறுவல். வலப்பக்கமாக மெல்லலாம், எலும்பை உடைக்கக் கூடாது என்று டாக்டர் அனுமதித்திருந்தார். அப்பா நல்லியை எடுத்துக் கண்ணை மூடி உறிஞ்சினார். பன்றி வறுவல் பக்கம் திரும்பவில்லை. கடினமாக இருக்கும் என்று பயப்படுகிறார் போல என்று விட்டுவிட்டேன்.

கரண்டி தட்டப்படும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

"என்ன அத்தான், இன்னைக்கு பஞ்சாயத்து இல்லையா?" என்றார் கடைசிச் சித்தி.

"தையல் போட்ட இடம் இழுக்குதும்மா. பேச முடியல."

தையல் பிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அம்மா அவரைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு குழம்புச் சட்டிக்குள் துழாவி, பெரிய நல்லியாக எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

அக்டோபரில் எக்ஸ்ரே எடுத்தோம். கிண்ணம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. அழுத்தினால் சீழ் இல்லை, ரத்தம் இல்லை. "நிக்குது அங்கிள்," என்றார் டாக்டர். அப்பா படத்தைக் கைபேசியில் வாங்கிக்கொண்டார். பழைய பேருந்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தாமத ஃபோர்மன் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார்.

நவம்பரில், மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்தார். மீன்காரரும் இன்னொருவரும் ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு டாக்டர் சங்கமித்ரா வந்திருந்தார். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சித்திமார் கூடத்தில் பந்தியில் இருந்தார்கள். டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்தார்.

"இதை உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல. திறந்து பார்த்தப்ப ஒரு பக்கம் எலும்புச் சுவரே இல்ல. தூளைக் கொட்டினா நிக்காது. மேல ஒரு சவ்வு போட்டு மூடணும். அது பன்னியிலேர்ந்து எடுக்கிறது. வேற வகை அன்னைக்குக் கையில இல்ல. கேக்காம போட முடியாதே? அங்கேயே சொன்னேன். வேணாம்னா மூடிடறேன், ஆனா பல்லு நிக்காதுன்னும் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"வாய் பூரா கருவி. பேச முடியல. கூரையைப் பார்த்துட்டே இருந்தார். நான் அவசரப்படுத்தல. அப்புறம் சேர் கைப்பிடியில ரெண்டு தட்டு தட்டினார்."

பேருந்தில் ஆள் ஏறியதும் கிளீனர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டி போகலாம் என்று அர்த்தம். டாக்டரும் அந்தப் பேருந்தில் போய்வந்தவர் வீட்டுப் பெண்தான். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"முடிச்சதும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'டோரதிக்குத் தெரிய வேணாம்மா.'"

நான் சமையலறைக்குப் போனேன். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

"மம்மி, டாடி தோத்துட்டார். போன ஈஸ்டருக்கு."

அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். "மாடா, பன்னியா?"

"உனக்குத் தெரியுமா?"

"தோத்தது தெரியும். எதுலன்னு தெரியாது."

"பன்னி."

"அதான் வறுவலைத் தொடல."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? ஜெயிச்சிருந்தா அந்த மனுஷன் கரண்டியால தட்டை உடைச்சிருப்பார். தையல் இழுக்குதாம். வாசல்ல நின்னு ஊருக்கே பாடம் எடுக்கிற வாய்க்குத் தையல் இழுக்குதாம்."

"அப்ப நீ ஏன் கேக்கல? எத்தனை வருஷமா காத்திருந்த."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினார். "கேட்டா ஒத்துக்குவார். என் தங்கச்சிங்க முன்னாடி எழுந்து நின்னு சொல்லிடுவார். கண்ணை மூடி அந்த எலும்பைச் சாப்பிட்டுட்டிருந்தாரு. எழுப்ப மனசு வரல. வர்ற ஈஸ்டருக்கு, எல்லாரும் இருக்கிறப்ப, நல்லா மாட்டி விடலாம்னு வச்சிருந்தேன். என்ன சொல்லிக் கேக்கணும்னுகூட யோசிச்சு வச்சுட்டேன்." எண்ணெயில் ஒரு அப்பளம் கருகியது. அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

பிறகு முந்தானையில் முகத்தையும் கையையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டு, அப்பளத் தட்டோடு கூடத்துக்குப் போனார். நானும் போனேன். ஒவ்வொரு இலையாக அப்பளம் வைத்தார். கடைசி இலைக்கு வந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"என் புருஷன் சொன்னா சொன்னதுதான்."

கூடம் அடங்கியது. சித்திமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிச் சித்தி பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"என்னக்கா திடீர்னு? இது ஈஸ்டர்ல சொல்றதாச்சே."

"போன ஈஸ்டரோட பாக்கி," என்றார் அம்மா.

பெரிய சித்தி சோற்றுக் கையோடு அழத் தொடங்கினார். அம்மா அப்பளத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"பின்னாடி கேட்டுச்சா, இன்னொரு தடவை சொல்லணுமா?"